மீன் ஐஸ்ல கல்யாண ஜூஸ்

நம்ம கன்னியாகுமரி மாவட்டக் கல்யாணத்துல அடைப்பிரதமன் பாயசத்துக்கு அரிசி அடை எத்தனை கிலோ, சர்க்கரை எத்தனை கிலோ, தேங்காய் எத்தனைன்னு ஒரு மாசம் முன்னாடியே துண்டுச்சீட்டுல எழுதி வச்சிருப்பாங்க. பப்படம் பெருசா சின்னதா, வாழைப்பழம் மட்டியா ரசகதளியா, பாயசத்துக்குப் போளி உண்டா இல்லையா, எல்லாத்துக்கும் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்திருப்பாங்க. ஆனா 1000 பேர் வர்ற ரிசப்ஷன்ல வாசல்ல கொடுக்கிற ஜூஸுக்கு என்ன கணக்குன்னு கேட்டுப் பாருங்க. "அது பயலுவ பாத்துக்கிடுவானுவ."

பயலுவ என்ன பாப்பானுவ? சாயங்காலம் அஞ்சு மணிக்கு மினி லாரியில ரெண்டு ஐஸ் பார் வந்து இறங்கும். கோணிச்சாக்கு சுத்தி, உமி ஒட்டி, கொளச்சல்லயோ சின்னமுட்டத்துலயோ மீன்பிடி படகுக்குப் போக வேண்டிய ஐஸ். அதை மண்டபத்துக்குப் பின்னால சிமெண்ட் தரையில போட்டுச் சுத்தியலால உடைச்சு, தண்ணியில ஒரு முக்கு முக்கி, அப்படியே லெமன் ஜூஸ் அண்டாவுல தள்ளுவாங்க. நெய்மீனுக்குப் போட வேண்டியது மாப்பிள்ளையோட அலுவலக மேனேஜர் கிளாஸ்ல மிதக்கும்.

அந்த ஐஸ் குடிக்கிறதுக்காகச் செஞ்சது இல்ல. மீனைக் கெடாம வைக்கச் செஞ்சது. தண்ணி எங்கேருந்து வந்துது, அச்சைக் கழுவினாங்களா, யாரும் பாக்கப் போறதில்ல. உறைஞ்சா கிருமி செத்துரும்னு ஒரு நம்பிக்கை நம்ம ஊர்ல திடமா இருக்கு. எல்லாம் சாகாது. மிச்சம் தூங்கும், ஜூஸ்ல உருகினதும் எழும்பும். மஞ்சக்காமாலையும் டைபாய்டும் பரவ இது போதும். இதுக்காகவேதான் 2018 ஜூன்லேருந்து, திங்கிறதுக்கு இல்லாத ஐஸுக்கு நீலச் சாயம் போடணும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கு. நீலமா இருந்தா வண்டியைத் திருப்பி அனுப்புங்க. வெள்ளையா இருக்குன்னு சந்தோஷமும் படாதீங்க. சாயம் போடலேங்கிறதால அது நல்ல ஐஸ் ஆயிராது.

இதுல வயிறு எரியுறது எங்கேன்னா, பழி சமையல்காரர் தலையில விழும். பந்தியில சீரகத் தண்ணிகூட தளதளன்னு கொதிச்சுதான் வந்திருக்கும். சாம்பார், புளிசேரி, பாயசம் எல்லாம் தீயில கிடந்தது. மறுவீட்டு விருந்து வர்றதுக்குள்ள நாலு பேருக்கு வாந்தி பேதின்னா, "அண்ணைக்கு அவியல்ல என்னவோ சரியில்ல"ன்னு பேச்சு வரும். ஐஸ் பேரை ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க.

சரி, கணக்குதானே வேணும்? எடுத்துக்குங்க.

1000 பேருக்கு 1300 கிளாஸ். பிள்ளைங்க ரெண்டு தடவை வரும், பெரியவங்கள்ல சிலர் சீனின்னு வேண்டாம்பாங்க, எல்லாம் சேர்த்து அவ்வளவு வரும். கிளாஸுக்கு 150 மில்லி. 195 லிட்டர், 200ன்னு வச்சுக்கலாம். கிளாஸுக்கு அரைப் பழம், அப்போ 650 எலுமிச்சை. காஞ்சது, சாறில்லாதது கழிச்சா 750 வாங்கணும். சீனி 24 கிலோ, உப்பு 200 கிராம். சாறு 13 லிட்டர் கிடைக்கும். சீனி கரைஞ்சு பிடிக்கிற இடம் 15 லிட்டர். 30 டிகிரியில இருக்கிற தண்ணியை 10 டிகிரிக்கு இறக்க 36, 37 கிலோ ஐஸ் உள்ளே உருகணும். அண்டாவுக்கு வெளியே உருகி வீணாப்போறதைச் சேர்த்து 50 கிலோ வாங்குங்க.

இப்போ கூட்டிக் கழிச்சுப் பாருங்க. முதல்ல ஊத்த வேண்டிய தண்ணி 135 லிட்டர்தான். 200 இல்ல! இந்த ஒரு இடத்துலதான் எல்லா மண்டபத்துலயும் சறுக்குறாங்க. ஆறு மணிக்கு ருசி பாத்து "அம்சமா இருக்கு"ன்னு தலையாட்டிட்டு, அதுக்குப் பிறகு ஐஸ் போடுவாங்க. ஏழரைக்கு வர்றவனுக்கு எலுமிச்சை வாசனை காட்டின தண்ணி. உடனே ஒரு மாமா ஓடி வந்து அஞ்சு கிலோ சீனியை அள்ளிக் கொட்டுவார். பச்சைத் தண்ணியில சீனி எப்போ மாமா கரையும்? அடியில மணல் மாதிரி கிடக்கும், கடைசி அம்பது கிளாஸ் பாகாட்டம் இருக்கும். மத்தியானமே சீனியைப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கொதிதண்ணியில பாகாக் கரைச்சு ஆற வச்சுடணும். அந்தத் தண்ணியும் 135ல அடக்கம். ஐஸ் போடுறதுக்கு முன்னாடி ருசி பாத்தா பல்லு கூசணும், "என்னது இவ்வளவு இனிப்பு"ன்னு தோணணும். அதுதான் சரியான பக்குவம்.

பழத்தைக் காலையிலேயே பிழிஞ்சு வைக்கிறதும், தோலோட மிக்ஸியில அடிக்கிறதும் இன்னொரு கூத்து. விதையும் தோலும் நசுங்கினா கசப்பு இறங்கும், அதுவும் உடனே தெரியாது, ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு ஏறும். சரியா கூட்டம் வர்ற நேரம். கையால பிழியணும், துணியில வடிகட்டணும், நாலு மணிக்கு மேல பிழியணும். மூணு பேர் உக்காந்தா முடிஞ்சிடும் வேலை.

ஐஸுக்கு என்ன வழின்னா, குடிக்கிற ஐஸ்னு பையில அடைச்சு வர்ற கட்டி ஐஸை ரெண்டு நாள் முன்னாடியே சொல்லி வைக்கணும். அதுவும் கிடைக்கலியா, தண்ணி கேனை முந்தின ராத்திரியே குளிர வச்சுத் தரச் சொல்லுங்க. தேவைப்படுற ஐஸ் பெரும்பாதி குறைஞ்சிரும். குறைஞ்ச ஐஸுக்குத் தக்க தண்ணியைக் கூட்டிக்கணும், அவ்வளவுதான். மீன் ஐஸை விட்டா வேற வழியே இல்லேன்னா அது அண்டாவுக்கு வெளியே நிக்கட்டும். பெரிய சருவத்துல ஐஸும் கல்லுப்பும் போட்டு, அதுக்குள்ள எவர்சில்வர் பாத்திரத்தை இறக்கி மூடி வைங்க. பிளாஸ்டிக் டிரம்மை இறக்காதீங்க, குளிர் உள்ளே போகாது, ராத்திரி பத்து மணிக்குதான் சில்லுன்னு ஆகும்.

கிளாஸ் விஷயத்துக்கு வந்தா அது தனிக் கொடுமை. 2019 ஜனவரி 1லேருந்து தமிழ்நாட்டுல பிளாஸ்டிக் டம்ளர் தடை, உள்ளே பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் தடை, ஸ்ட்ராவும் தடை. இருந்தாலும் கடைசி நேரத்துல அதைத்தான் ரெண்டு பெட்டி வாங்கி மேசைக்கு அடியில ஒளிச்சு வைப்பாங்க. எவர்சில்வர் டம்ளர் 400 வாடகைக்கு எடுங்க, கழுவ ரெண்டு பேர், மூணு தொட்டி: சோப்பு, நல்ல தண்ணி, சுடுதண்ணி. கூட்டத்துல 600 பேர் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுலதான் வருவாங்க. நிமிஷத்துக்குப் பத்து கிளாஸ். ஒரு மேசை, ஒரு ஆள்னு வச்சா வரிசை கார் நிறுத்துற இடம்வரை போகும். ரெண்டு மேசை, வாசல்ல ஒண்ணு, உள்ளே ஒண்ணு, மேசைக்கு ரெண்டு பேர். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டா ஒண்ணுதான்.

"அக்கானி வைப்போமே, நம்ம ஊர் அடையாளம்"னு யாராவது கிளம்புவாங்க. ஆசை நல்லதுதான். ஆனா அக்கானிங்கிற பதநீர் விடியக்காலை இறக்குறது. கலயத்துல சுண்ணாம்பு குறைஞ்சாலோ வெயில்ல வச்சாலோ சாயங்கால ரிசப்ஷனுக்குள்ள நுரைச்சுப் புளிச்சு கள்ளாயிரும். கள்ளு இங்கே தடை. காலைக் கல்யாணத்துக்கு வைங்க, பத்து மணிக்குள்ள காலி பண்ணுங்க. ராத்திரிக்கு வேண்டாம்.

கள்ளுன்னதும் அந்த இன்னொரு 'பார்' ஞாபகம் வருது. 2023 ஏப்ரல்ல மண்டபத்துல மது பரிமாறச் சிறப்பு உரிமம்னு செய்தி வந்துச்சே, அதை மட்டும் எல்லாரும் நல்லா ஞாபகம் வச்சிருக்காங்க. எதிர்ப்பு வந்ததும் கல்யாண மண்டபத்துக்குக் கிடையாதுன்னு அரசாங்கம் பின்வாங்கினது ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்ல. களியக்காவிளை தாண்டி கேரளாவுலேருந்து பாட்டில் வாங்கி வர்றவனுக்கு செக்போஸ்ட்ல நிக்கும்போதுதான் சட்டம் ஞாபகம் வரும். கார் டிக்கியில நடக்கிற அந்தக் கச்சேரிக்கு ஐஸும் டம்ளரும் எங்கேருந்து போகுதுன்னு நினைக்கிறீங்க? ஜூஸ் மேசையிலேருந்துதான். "மக்கா, ரெண்டு கட்டி ஐஸ் தா"ன்னு ஆரம்பிச்சு எட்டு மணிக்குள்ள அரைமூட்டை காணாமப் போயிருக்கும். ஐஸ் பெட்டிக்குப் பூட்டு போட்டு, சாவியைக் குடிக்காத ஒரு சித்தப்பா கையில கொடுங்க.

குடிதண்ணிக்கு 20 லிட்டர் கேன் 25 போதும், ஆளுக்கு அரை லிட்டர். பாட்டில்தான் கௌரவம்னா பாதி குடிச்சு வச்ச பாட்டிலை மறுநாள் காலையில நீங்களே பொறுக்குங்க. கலர், அதான் குளிர்பானம், வாங்கினா பெட்டி பிரிக்காததைத் திருப்பி எடுப்பீங்களான்னு கடையில முதல்லயே கேட்டுக்குங்க. ஆர்வத்துல எல்லாப் பெட்டியையும் ஒரே நேரத்துல கிழிச்சுப் போட்டா திருப்பிக் கொடுக்க ஒண்ணும் மிஞ்சாது. ரெண்டு லிட்டர் பாட்டில்ல 13 கிளாஸ்.

மாமா, அஞ்சு மணிக்கு வர்ற அந்த ஐஸ் வண்டிக்கு இப்பவே போன் போட்டு வேண்டாம்னு சொல்லிருங்க. அது துறைமுகத்துக்கே போகட்டும், சாளை மீனுக்காவது உதவும்.