முள்ளோடையில் பெட்ரோல், முதுநகரில் ரேஷன்

கடலூர் முதுநகரில் வீடு, பாண்டியில் வேலை. ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பதினெட்டு வருஷமாக ஆல்பேட்டை செக்போஸ்ட்டைக் காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை தாண்டுகிற பிழைப்பு. முள்ளோடையில் எல்லை தாண்டியதும் வருகிற பங்க்குகளில் நின்று பாருங்கள். வரிசையில் பாதிக்கு மேல் டிஎன் 31, அதாவது கடலூரில் பதிவான வண்டிகள்தான். லிட்டருக்கு நாலு ரூபாய்க்கு மேல் கம்மி. யார் விடுவார்கள்?

போன வாரம் மச்சான் ஒரு ஃபார்வர்டு அனுப்பினான். மாநிலங்களின் கடன் பட்டியல். தமிழ்நாட்டுக்குப் பக்கத்தில் ஒன்பது லட்சத்துச் சொச்சம் கோடி, சிவப்பு எழுத்தில். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மாமா, ஸ்டேட்டே திவால் மாமா. பாண்டியப் பாரு, பெட்ரோலு கம்மி, சரக்கு கம்மி. நம்மாளுங்க நம்மள உறிஞ்சுறானுங்க." வாய்ஸில் பதில் சொன்னால் பத்து நிமிஷம் ஆகும், அவனும் கேட்க மாட்டான். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சிவப்பு எண். 2025-26 பட்ஜெட்டில் அரசே கொடுத்த மதிப்பீடுதான் அது. அந்த நிதியாண்டு முடியும்போது நிலுவைக் கடன் 9,29,959 கோடி. மறைத்துவைத்த ரகசியம் ஒன்றும் இல்லை. அதே பக்கத்தில், மாநில மொத்த உற்பத்தியில் இது 26.07 சதவீதம் என்றும் போட்டிருக்கிறது. ஃபார்வர்டு செய்கிறவர்கள் முதல் எண்ணை எடுத்துக்கொண்டு இரண்டாவதை வெட்டிவிடுகிறார்கள். எங்கள் முதலாளிக்கு பேங்கில் இருக்கிற ஓ.டி. (ஓவர் டிராஃப்ட் கடன்) என் மொத்தச் சொத்தைவிடப் பல மடங்கு. அதனால் அவர் ஏழை, நான் பணக்காரன் என்று எவனாவது சொன்னால் டீக்கடையில்கூடச் சிரிப்பார்கள். மாநிலம் என்றதும் மட்டும் அதையே நம்பிவிடுகிறோம்.

சரி, கடன் கம்மியாக இருப்பதுதான் நல்லாட்சிக்கு அடையாளம் என்றே வைத்துக்கொள்வோம். மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2025 ஜனவரியில் 18 பெரிய மாநிலங்களுக்கு நிதிநிலை மதிப்பெண் போட்டது. முதலிடம் ஒடிசா. கேரளம் கடைசி வரிசையில், 15ஆம் இடத்தில். இப்போது வேறொரு கணக்கைப் பாருங்கள். உயிரோடு பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது ஆவதற்குள் எத்தனை சாகின்றன? 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்குப்படி ஒடிசாவில் 36. கேரளத்தில் 6. தமிழ்நாட்டில் 13, உத்தரப் பிரதேசத்தில் 38, நாட்டின் சராசரி 28.

ஒடிசாக்காரர்களைக் குறை சொல்லவில்லை. சுரங்க வருமானத்தை வீணடிக்காமல் கணக்கை நேராக வைத்திருக்கிறார்கள். 1999 பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் செத்தார்கள். 2013இல் பைலின் புயல் வந்தபோது லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்திவிட்டதால் சாவு சில பத்துகளோடு நின்றது. 2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் தலைக்கு மேலே போன ராத்திரியைப் பார்த்தவன் நான். அந்த வேலை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். நான் சொல்வது வேறு. கணக்குப் புத்தகம் சுத்தமாக இருப்பதும் குழந்தை பிழைப்பதும் தனித்தனி விஷயங்கள். உத்தரப் பிரதேசம் பல வருஷமாக வருவாய் உபரி, அதாவது அன்றாடச் செலவு போக வரும்படியில் மிச்சம், காட்டுகிற மாநிலம். 2018-20 கணக்கில் அங்கே ஒரு லட்சம் பிரசவத்துக்கு 167 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. அந்த உபரியை எந்தத் தாய்க்குக் கொண்டுபோய்க் காட்டுவது?

கேரளத்தின் பாடும் லேசில்லை. கடன் வரம்பைக் குறைத்துவிட்டார்கள் என்று 2023 டிசம்பரில் மத்திய அரசுமேல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது அந்த அரசு. 2024 ஏப்ரலில் அது அரசியல் சாசன அமர்வுக்குப் போனது. முதியோர் ஓய்வூதியம் மாசக்கணக்கில் பாக்கி விழுந்தது. அதற்காகவே பெட்ரோலில் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் என்கிற கூடுதல் வரி போட்டார்கள். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டி முடித்த பிறகு அதற்குச் சம்பளமும் பென்ஷனும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமே, அந்தச் சிக்கல்.

இப்போது பாண்டிக்கு வருகிறேன். மச்சானுக்கு அதுதான் சொர்க்கம்.

பாண்டி மாநிலமே இல்லை, சட்டசபை உள்ள யூனியன் பிரதேசம். 2011 கணக்கெடுப்பில் ஜனத்தொகை பன்னிரண்டரை லட்சம். எங்கள் கடலூர் மாவட்டம் ஒன்றே அதைப் போல இரண்டு மடங்கு. நிதிக் குழு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வரிப் பங்கில் அதற்கு இடம் கிடையாது. அதற்குப் பதில் மத்திய அரசு தனியாக மானியம் தருகிறது. மீதியை அவர்களே தேற்ற வேண்டும். சின்ன ஊர், சுற்றிலும் பெரிய ஊர்கள். என்ன செய்வார்கள்? வரியைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் பக்கத்து மாநிலத்து வண்டியெல்லாம் உள்ளே வரும். விகிதம் குறைந்தாலும் விற்பனை கூடிவிடும். பாண்டியோடு சேர்ந்த, கேரளத்துக்குள் கிடக்கிற மாஹேயிலும் இதே வியாபாரம்தான். கண்ணூர்ப் பக்கத்து வண்டிகள் அங்கே நிற்கின்றன, கடலூர் வண்டிகள் இங்கே நிற்கின்றன. கெட்டிக்கார வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழ்நாடு இதைக் காப்பியடிக்க முடியாது. ஏழு கோடிக்கு மேல் ஜனம் உள்ள மாநிலத்துக்கு எந்தப் பக்கத்து ஊரிலிருந்து வண்டி வரும்?

ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1. அதற்குப் பிறகு மாநிலம் தன் விருப்பத்துக்கு ஏற்றி இறக்கக்கூடிய வரி என்று பெரிதாக நாலுதான் மிச்சம்: பெட்ரோல் டீசல், மதுபானம், பத்திரப் பதிவு, வண்டி வரி. தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 13 சதவீதமும் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்த பிறகு வந்த விகிதம் அது. இதே லிட்டரில் மத்திய அரசின் தீர்வை, 2025 ஏப்ரலில் 2 ரூபாய் ஏற்றியபோது 21 ரூபாய் 90 காசு ஆனது. அதில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைத் தீர்வை வெறும் 1 ரூபாய் 40 காசு. மிச்சமெல்லாம் செஸ், சர்சார்ஜ் வகையறா, அவற்றில் பங்கு தர வேண்டியதில்லை. பங்க்கில் நின்று மாநில அரசைத் திட்டுகிறவர்கள் இந்த 1 ரூபாய் 40 காசையும் ஒரு நிமிஷம் நினைக்கலாம்.

வரிப் பங்கு என்று எடுத்தால் இன்னொரு கூட்டம் கிளம்பிவிடும், தமிழ்நாடு டெல்லிக்குக் கொடுக்கிற "ரூபாய்க்கு 29 காசு"தான் திரும்பி வருகிறது என்று. பதினைந்தாவது நிதிக் குழு 2021-26க்குப் பிரித்ததில் உத்தரப் பிரதேசத்துக்கு 17.939 சதவீதம், பீகாருக்கு 10.058, தமிழ்நாட்டுக்கு 4.079. நாட்டின் ஜனத்தொகையில் நாம் 6 சதவீதம் இருக்கிறோம். குடும்பக் கட்டுப்பாடு செய்யச் சொன்னார்கள், செய்தோம், அதனால் பங்கும் சுருங்கியது. இதில் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அந்த 29 காசுக் கணக்கை நான் எங்கேயும் சொல்வதில்லை. கம்பெனி வரி தலைமை அலுவலகம் இருக்கிற ஊரின் பேரில் ஏறும். கடலூர்க்காரன் வாங்குகிற சோப்பின் லாபத்துக்கு மும்பையில் வரி கட்டுவார்கள். அதை மகாராஷ்டிரம் உழைத்துக் கொடுத்த காசு என்று எழுதினால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். இன்னொன்றும் உண்டு. அம்மாவுக்குப் பாண்டி ஜிப்மரில்தான் ஆபரேஷன் நடந்தது. அது முழுக்க மத்திய அரசுப் பணத்தில் ஓடுகிற ஆஸ்பத்திரி. பீகாரில் எவனோ வாங்கிய பிஸ்கெட்டின் வரியும் அந்தக் கட்டிலில் இருக்கிறது. வார்டில் பாதிப் பேர் கடலூர், விழுப்புரம்.

இப்போது மச்சானின் சொந்தக் கணக்கு. வாரத்துக்குப் பத்து லிட்டர் போடுகிறான். லிட்டருக்கு நாலரை ரூபாய் மிச்சம் என்றால் வருஷத்துக்கு இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய் சொச்சம். அவன் ரேஷன் கார்டு முதுநகரில். மாசம் இருபது கிலோ அரிசி, காசு கிடையாது. அவன் பெண்டாட்டிக்கு மகளிர் உரிமைத் தொகை மாசம் ஆயிரம், அதுவே வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம். அவள் டவுன் பஸ்ஸில் டிக்கெட் எடுப்பதில்லை. பெரிய பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் காலைச் சாப்பாடு. இதெல்லாம் வருவது தமிழ்நாட்டுக் கஜானாவிலிருந்து. அவன் பெட்ரோலுக்குக் கட்டுகிற விற்பனை வரி போவது பாண்டிக் கஜானாவுக்கு. வாங்குவது இங்கே, கட்டுவது அங்கே! இந்தப் பேரேட்டை எங்கள் முதலாளியிடம் காட்டினால் கடையை விட்டே துரத்துவார்.

சொர்க்கம் என்று அவன் சொல்கிற பாண்டியில் ரேஷன் கடைகள் பல வருஷம் பூட்டிக் கிடந்தன. அரிசிக்குப் பதில் பேங்கில் காசு போட்டார்கள். எங்கள் கடையில் வேலை பார்க்கிற பாகூர்ப் பெண்கள், "காசு வந்தா குடிச்சுட்டு வந்துருவான், அரிசின்னா ஒலையில போடலாம்" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள். 2024இல்தான் மறுபடி திறந்தார்கள்.

இதனால் தமிழ்நாட்டு அரசுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திட்ட வேண்டிய இடம் வேறு, அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஒன்று, வருவாய்ப் பற்றாக்குறை. அதே 2025-26 பட்ஜெட்டில் 41,635 கோடி. அதாவது சம்பளம், பென்ஷன், வட்டி, மானியம் என்று அன்றாடச் செலவுக்கே வரும்படி போதாமல் கடன் வாங்குகிறோம். எங்கள் முதலாளி தீபாவளிச் சரக்குக்கு ஓ.டி. எடுப்பார், பொங்கலுக்குள் அடைத்துவிடுவார். அதற்கெல்லாம் அவர் தூக்கம் கெட்டதில்லை. கொரோனா சமயத்தில் ஒரு மாசம் ஆள் சம்பளத்துக்கு ஓ.டி. எடுக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நம் மாநிலம் வருஷக்கணக்காகச் சம்பளத்துக்கு ஓ.டி. எடுத்துக்கொண்டிருக்கிறது. மாநில நிதிநிலை பற்றி 2021 ஆகஸ்டில் வந்த வெள்ளை அறிக்கை இதை வெளிப்படையாகவே சொன்னது. குடும்பத்துக்கு 2.63 லட்சம் கடன் என்ற வரியைத்தான் எல்லோரும் பேசினார்கள். வருவாய்ப் பற்றாக்குறையைப் பற்றிய பக்கங்களை யாரும் புரட்டவில்லை.

இரண்டு, டாஸ்மாக். 2024-25இல் அதன் வழியே அரசுக்கு வந்தது 48,344 கோடி. அடுத்த வருஷத்துக்கு மாநிலம் மதிப்பிட்ட சொந்த வரி வருமானம் மொத்தமே 2.2 லட்சம் கோடி. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பாட்டிலிலிருந்து வருகிறது. இந்தக் காசை யார் கட்டுகிறார்கள்? எங்கள் தெருவில் ஒரு கொத்தனார். வாரத்துக்கு நாலு குவார்ட்டர், ஒன்று 140 ரூபாய். வருஷத்துக்கு இருபத்தொன்பதாயிரம், அதில் பெரும்பங்கு அரசுக்கு. நான் மாடி வீட்டுக்காரன். என் வீட்டு வரி அரையாண்டுக்கு 900 ரூபாய். 2022இல் ஏற்றிய பிறகுதான் இந்த 900. அதற்கே எங்கள் தெருவில் எவ்வளவு கூச்சல்! கத்தியவர்களில் நானும் ஒருத்தன். கொத்தனார் ஒரு நாளும் வரி என்று கத்தியதில்லை. அவர் வரி கட்டுவதே அவருக்குத் தெரியாது.

பீகார் 2016 ஏப்ரலில் மதுவிலக்குக் கொண்டுவந்ததை உதாரணம் காட்டுவார்கள். அந்த மாநில வருமானத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு டெல்லியிலிருந்து போகிறது. அங்கே கடையை மூடினால் விழுகிற ஓட்டையை டெல்லிப் பணம் தாங்கும். இங்கே மூடினால் மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குக் கை நடுங்கும். போதாததற்கு முள்ளோடை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் பலியானது டாஸ்மாக் கடைகள் திறந்திருந்தபோதுதான். மூடு என்று சொல்வது சுலபம். அந்தக் காசை வேறு யாரிடம் வாங்குவது என்று சொல்ல எந்தக் கட்சிக்கும் வாய் வரவில்லை. வீடு, மனை, காம்ப்ளக்ஸ் வைத்திருக்கிறவனிடம் வாங்க வேண்டும். அவனுக்குத்தான் குரல் இருக்கிறது, அவன்தான் ஃபார்வர்டும் அனுப்புகிறான்.

என் வீட்டு வரியை இரண்டு மடங்கு ஆக்கினாலும் என் குடி முழுகாது. இதை என் பெயர் போட்டே எழுதுகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயமில்லை. நாளை காலையும் நான் முள்ளோடையில்தான் பெட்ரோல் போடப் போகிறேன். பெரும்பாலும் மச்சான் எனக்கு முன்னால் வரிசையில் நிற்பான்.