அடுத்த மாடலை நின்ற நிலையில் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்

புது பைக் வருகிறது என்றதும் முதலில் கசிவது குதிரைத்திறன் கணக்குதான். இத்தனை சிசி, இத்தனை ஆர்பிஎம்மில் இத்தனை பவர், நூறைத் தொட இத்தனை விநாடி. அப்புறம் ஒரு வளைவில் முழங்கால் தரையை உரச யாரோ சாய்ந்து போகிற வீடியோ. நானும் அதை ஆசையாகப் பார்ப்பேன், நண்பர்களுக்கும் அனுப்புவேன். ஆனால் தினமும் வண்டி எடுக்கிற நாலு பேரைப் பிடித்து, அடுத்த மாடலில் என்ன வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். இன்னும் பத்து குதிரைத்திறன் கூட வேண்டும் என்று ஆரம்பிக்கிறவர் அநேகமாக இருக்க மாட்டார். கால் எட்டணும், எடை குறையணும், ராத்திரி ரோடு தெரியணும், ஏர் ஃபில்டர் மாற்ற பாதி வண்டியைக் கழற்றக் கூடாது. இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

கவனித்தால் இவை எல்லாமே வண்டி நிற்கும்போதோ, ஊர்ந்து போகும்போதோ, பட்டறையில் இருக்கும்போதோ வருகிற விஷயங்கள். ஓட்டுகிறவருக்கு வண்டியோடு உள்ள உறவில் பெரும்பகுதி இந்த நேரங்களில்தான் நடக்கிறது. புது மாடல் வடிவமைக்கிறவர்கள் அங்கேயிருந்து வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. மற்றதெல்லாம் ஏற்கெனவே தேவைக்கு மேல் கிடைத்துவிட்டது.

முதலில் எடை. இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் தகும். எண்பதில் போகும்போது இருநூற்றைம்பது கிலோ வண்டியும் லேசாகத்தான் தெரியும், நல்ல சேஸிஸ் எடையை மறைத்துவிடும். அதே வண்டியை லேசான சரிவில் முன்பக்கமாக நிறுத்திவிட்டு, பின்னால் தள்ளி வெளியே எடுக்க வேண்டி வரும்போதுதான் ஒவ்வொரு கிலோவும் இடுப்பில் தெரியும். சீட்டில் உட்கார்ந்தபடி கால் நுனியால் உந்துவோம், ஷூ சரளைக் கல்லில் வழுக்கும், வண்டி ஒரு அங்குலம் பின்னால் வந்து இரண்டு அங்குலம் முன்னால் போகும். அட்வென்ச்சர் பைக் என்று பெயர் வைத்த வண்டிகளுக்கே இந்தக் கதி என்றால் என்ன சொல்ல.

குறைக்க முடியாதது என்றும் இல்லை. பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் 249 கிலோ இருந்தது, 2023இல் வந்த ஆர் 1300 ஜிஎஸ் 237 கிலோ. எஞ்சின் பெரிதாகி, பவர் கூடி, அதோடு 12 கிலோ குறைந்தது. மனசு வைத்தால் முடியும் என்பதற்கு அது ஒன்றே போதும். யமஹா டெனெரே 700 வந்தபோது அவ்வளவு பேர் கொண்டாடியதற்குக் காரணமும் அது ஏதோ பெரிய பவர் வைத்திருந்தது என்பதில்லை. எரிபொருளோடு சேர்த்து 204 கிலோ, சிக்கலில்லாத இரட்டை சிலிண்டர் எஞ்சின், தேவைக்கு மேல் எலக்ட்ரானிக்ஸ் இல்லை. அப்படி ஒன்றுக்காகத்தான் ரொம்ப நாளாகப் பலர் காத்திருந்தார்கள்.

எடை எவ்வளவு என்பது போலவே அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் முக்கால் கிலோ. இருபது லிட்டர் டேங்க் நிரம்பினால் கிட்டத்தட்ட 15 கிலோ, அதுவும் வண்டியின் உச்சியில், நம் நெஞ்சுக்கு நேரே. வண்டி லேசாகச் சாய்ந்தாலே அந்த உயரம் அதை இன்னும் கீழே இழுக்கும். 2019இல் கேடிஎம் 790 அட்வென்ச்சரில் டேங்கை இரண்டு பக்கமும் முழங்காலுக்குக் கீழே வரை தொங்கவிட்டார்கள். பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது என்று நிறைய பேர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது கடந்த பல வருடங்களில் வந்த நல்ல யோசனைகளில் ஒன்று. அழகுக்காக எல்லா டேங்கையும் மேலேயே வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நடுத்தர விலை வண்டிகளிலும் இதைப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

சீட் உயரம் இதோடு ஒட்டிய விஷயம். குட்டையாக இருப்பவர்களும் பெண்களில் பலரும் ஒரு வண்டியைப் பிடித்திருந்தும் வாங்காமல் விடுவதற்கு இந்த ஒரு எண் காரணமாகிவிடுகிறது. ஆனால் அந்த எண்ணே பாதி உண்மைதான் சொல்கிறது. 820 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள், சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் எட்டாது. 840 உள்ள ஒடுக்கமான சீட்டில் அதே ஆள் பாதம் பதித்து உட்கார்வார். பிஎம்டபிள்யூ, ஒரு பாதத்திலிருந்து சீட் வழியாக மறு பாதம் வரை வளைவாக அளந்து அந்தக் கணக்கையும் வெளியிடுகிறது. எல்லா நிறுவனங்களும் இதைக் கொடுத்தால் செலவு எதுவும் கிடையாது, அளக்கிற டேப் ஒன்று போதும். 2021இல் ஹார்லி பான் அமெரிக்காவில், வண்டி நிற்கும்போது சஸ்பென்ஷன் தானாக இறங்கிக் கொடுக்கிற வசதி வந்தது. அருமையான விஷயம். ஆனால் அது விலை உயர்ந்த வண்டிகளோடு நின்றுவிடக் கூடாது, அதுவரை சீட்டின் முன்பகுதியை ஒடுக்கிக் கொடுங்கள், ஃபோமை வெட்டிக் குறைக்காமல். ஃபோமைக் குறைத்து உயரத்தைக் குறைத்தால் ஒரு மணி நேரத்தில் அடியில் இருக்கிற பிளாஸ்டிக் எலும்பில் முட்டும். பின்னால் உட்காருகிறவர் பாடு இன்னும் மோசம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு, பிடிக்க ஒன்றுமில்லை, முழங்கால் காது வரை. அந்த சீட்டை வடிவமைத்தவர் அதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து போக வேண்டும் என்று விதி கொண்டுவந்தால் நான் வரவேற்பேன்.

எஞ்சினைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். எஞ்சின் மெதுவாகச் சுழலும் கீழ் ஆர்பிஎம்மில் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றுகிற விசை, கொடுங்கள். பவர் என்பது டார்க்கையும் ஆர்பிஎம்மையும் பெருக்கினால் வருகிற எண், அதனால் எஞ்சினை மேலே மேலே சுழலவிட்டால் தாளில் பவர் ஏறிவிடும். ஆனால் நெரிசலில் ஊர்கிறவருக்கும், பின்னால் ஆள் வைத்து மேடு ஏறுகிறவருக்கும் மூவாயிரம் நாலாயிரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. கூடவே, மூடிய த்ராட்டிலை லேசாகத் திறக்கும்போது வண்டி வெடுக்கென்று இழுக்கக் கூடாது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக இந்த வெடுக் பல வண்டிகளில் வந்துவிட்டது. ஈரமான தரையில் மெதுவாக யூ டர்ன் எடுக்கும்போது அந்த ஒரு இழுப்பு போதும் காலை ஊன்ற வைக்க. ஃபைன் டியூனிங்கில் இன்னும் கொஞ்சம் நாள் செலவழித்தால் சரியாகிற விஷயம் இது.

கிளட்ச் பக்கம் நல்ல காலம் பிறந்திருக்கிறது என்று தோன்றுகிறது. ஹோண்டா 2010 மாடல் விஎஃப்ஆர் 1200 எஃபில் டிசிடி என்கிற இரட்டை கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸைக் கொடுத்தது, ஆனால் அது எடை கூட்டுகிற, விலை கூட்டுகிற ஏற்பாடு. இப்போது 2024 மாடல்களான சிபி 650 ஆர், சிபிஆர் 650 ஆர் இரண்டிலும் கொண்டுவந்த ஈ-கிளட்ச் வேறு வழியில் போகிறது. வழக்கமான கியர்பாக்ஸ், வழக்கமான லிவர், நாம் பிடிக்காவிட்டால் மோட்டார் பார்த்துக்கொள்ளும், பிடித்தால் நம் கைக்கே வந்துவிடும். யமஹாவும் அதே வருடம் எம்டி-09இல் ஒய்-ஏஎம்டி என்று ஒன்றைக் கொடுத்தது, அதில் கிளட்ச் லிவரே கிடையாது. கியர் போடுவது சுகம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, எனக்கும் சுகம்தான். இடது மணிக்கட்டு வலிக்கிறவருக்கும் வயதானவருக்கும் வண்டியை விட்டுவிடாமல் இருக்க ஒரு வழி கிடைக்கிறது என்பது பெரிய விஷயம். இது சின்ன வண்டிகளுக்கு வேகமாக இறங்கி வர வேண்டும்.

பாதுகாப்பு வசதிகள் மேலிருந்து கீழே இறங்குகிற வேகம்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டி வழுக்காமல் தடுக்கிற ஏபிஎஸ், பிஎம்டபிள்யூ கே 100இல் வந்தது 1988இல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 125 சிசிக்கு மேற்பட்ட புது மாடல்களுக்கு அது கட்டாயமானது 2016இல், அடுத்த வருடம் விற்பனைக்கு வரும் எல்லாப் புது வண்டிகளுக்கும். நடுவில் 28 வருடம். வளைவில் சாய்ந்திருக்கும்போது பிரேக் பிடித்தாலும் அதற்கேற்ப அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற ஏபிஎஸ், கேடிஎம் 1190 அட்வென்ச்சரின் 2014 மாடலில் வந்தது. இன்றும் பெரும்பாலான சின்ன வண்டிகளில் அது இல்லை. அதற்கு வேண்டிய சாய்வு உணர்கிற சென்சார் வகை இன்று பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் கிடக்கிறது. பழக்கமில்லாத கை, விலை குறைந்த டயர், மழை, எதிரே திடீரென்று ஒரு வாகனம், இதெல்லாம் சேர்ந்து வருவது சின்ன வண்டி ஓட்டுகிற புதியவருக்குத்தான் அதிகம். அனுபவசாலி வாங்குகிற பெரிய வண்டியில் எல்லாம் இருக்கும், கற்றுக்கொள்கிறவர் வண்டியில் எதுவும் இருக்காது. இந்த வரிசை தலைகீழ். முன்னும் பின்னும் ரேடார் வைத்து வண்டி விற்கிற காலத்தில் இதைக் கேட்க வேண்டியிருக்கிறதே.

ஹெட்லைட். எல்இடி வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம், வெளிச்சம் கூடியதும் உண்மைதான். ஆனால் பல வண்டிகளில் லோ பீம் கத்தியால் கோடு கிழித்த மாதிரி ஒரு இடத்தில் முடிகிறது. அதற்கு மேலே முழு இருட்டு. வண்டி சாயும்போது அந்தக் கோடும் சேர்ந்து சாய்ந்து, நாம் போக வேண்டிய வளைவின் உள்பக்கம் இருட்டில் விழுகிறது. 2011 மாடல் பிஎம்டபிள்யூ கே 1600 ஜிடி இதற்கு ஒரு பதில் கொடுத்தது, சாய்வுக்கு ஏற்ப வெளிச்சம் திரும்பும். அந்த அளவு வேண்டாம். விளிம்பு மெல்ல மங்குகிற ஒரு பீம், பக்கவாட்டில் கொஞ்சம் பரவல், உயரத்தைக் கையால் திருப்பிச் சரிசெய்ய ஒரு திருகு. பின்னால் ஆள் உட்கார்ந்ததும் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காமல் இருக்க அந்தத் திருகு போதும்.

திரையைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை, வெயிலில் தெரிய வேண்டும், கையுறையோடு இயக்க முடிய வேண்டும், அவ்வளவுதான். சூடான கைப்பிடியைக் கூட்டிக் குறைக்க மூன்று மெனுவுக்குள் போக வைக்காதீர்கள், தனி பட்டன் வையுங்கள். இண்டிகேட்டர் தானாக அணைகிற வசதியை யமஹா 1970களின் கடைசியிலேயே கொடுத்தது, இத்தனை கம்ப்யூட்டர் ஏறிய பிறகும் அது பல வண்டிகளில் இல்லை. இன்னொன்று, வண்டிக்குள் ஏற்கெனவே இருக்கிற ஒரு வசதியைப் பூட்டி வைத்து, கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்துவிட்டு, பிறகு பணம் கட்டினால் திறப்போம் என்கிற பழக்கம். இது வேண்டவே வேண்டாம். நான் வாங்கிய வண்டி, அதிலிருக்கிற வயர் முதற்கொண்டு என்னுடையது.

இப்போது என் மனதுக்கு நெருக்கமான இடம், சர்வீஸ். ஏர் ஃபில்டர் மாற்றுவது ஐந்து நிமிட வேலையாக இருந்த காலம் உண்டு. பக்கத்து மூடியைத் திறந்தால் ஃபில்டர் கையில் வரும். இப்போதைய பல வண்டிகளில் சீட்டைக் கழற்றி, பக்கத்து பேனல் இரண்டையும் எடுத்து, டேங்க் போல்ட்டை அவிழ்த்து, டேங்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி அடியில் கைவிட்டு பெட்ரோல் குழாயின் கிளிப்பை அழுத்தி உருவ வேண்டும். பேனலைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் புஷ் பின் நாலில் ஒன்று கண்டிப்பாக உடையும். பேனலின் உள்பக்கம் ரப்பர் வளையத்துக்குள் போகிற ஒரு சின்னக் கொண்டி இருக்கும், வெயிலில் காய்ந்து போயிருந்தால் இழுத்ததும் 'டக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அந்தப் பேனல் ஆயுள் முழுக்க அதிர்ந்துகொண்டே வரும். கொண்டி மட்டும் தனியாகக் கிடைக்காது, முழு பேனலும் வாங்க வேண்டும்.

டேப்பட் கிளியரன்ஸும், அதாவது எஞ்சின் வால்வுகளின் இடைவெளியைப் பார்த்துச் சரிசெய்கிற வேலையும் இப்படித்தான். இதில் நல்ல முன்னேற்றம் நடந்திருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். யமஹா எம்டி-07க்கு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஒரு காலத்தில் வால்வ் செலவுக்குப் பெயர் போன டுகாட்டியே 2020இல் தன் வி4 கிரான்டூரிஸ்மோ எஞ்சினில் வால்வை ஸ்ப்ரிங் இல்லாமல் நெம்புகோலால் மூடுகிற பழைய டெஸ்மோ முறையை விட்டு ஸ்ப்ரிங்குக்கு மாறி 60,000 கிலோமீட்டர் என்று அறிவித்தது. அதற்கும் முன்னால், 1991 ஹோண்டா நைட்ஹாக் 750இல் அந்த இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் தானாகச் சரிசெய்கிற ஹைட்ராலிக் அட்ஜஸ்டர் இருந்தது, டேப்பட் பார்க்கிற வேலையே கிடையாது. தினசரி ஓட்டத்துக்கான நடுத்தர எஞ்சின் பத்தாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல் சுழல வேண்டிய அவசியம் இல்லை, அப்படியென்றால் அந்த ஹைட்ராலிக் ஏற்பாட்டைத் திரும்பக் கொண்டுவருவதில் என்ன தடை?

செயினுக்கும் அதே கேள்வி. செயினுக்குப் பதிலாக ஒரு தண்டு வழியாகப் பின் சக்கரத்தைச் சுழற்றுகிற ஷாஃப்ட் ட்ரைவ் 1923இல் பிஎம்டபிள்யூ ஆர் 32இலேயே இருந்தது, எடையும் விலையும் கூடும் என்பதால் எல்லா வண்டிக்கும் கேட்க முடியாது, புரிகிறது. செயின் வைத்தால் சென்டர் ஸ்டாண்டும் வையுங்கள், அவ்வளவுதான். பின் சக்கரத்தைத் தூக்காமல் செயின் துடைக்கச் சொல்வது, வண்டியை ஒவ்வொரு அடியாக முன்னால் உருட்டி உருட்டித் துடைக்கச் சொல்வது, அப்புறம் ஸ்டாண்டைத் தனியாக விற்பது, இது நியாயமே இல்லை. ஸ்போக் வீலோடு டியூப் வைத்த வண்டியை நீண்ட பயணத்துக்கான வண்டி என்று விற்பதையும் நிறுத்தலாம். டியூப்லெஸ் டயர் ஏற்கிற ஸ்போக் வீல் எப்போதோ வந்துவிட்டது. பஞ்சரானால் ஒரு பிளக் சொருகிக் காற்றடித்துக் கிளம்புவதற்கும், நடுவழியில் சக்கரத்தைக் கழற்றி டயர் விளிம்பை நெம்பி டியூபை உருவுவதற்கும் உள்ள வித்தியாசம் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மின்சார பைக்குகளில் என் எதிர்பார்ப்பு தூரத்தைப் பற்றியதுகூட இல்லை. அது மெல்ல மெல்லக் கூடும். ஹோண்டா, யமஹா, கேடிஎம், பியாஜியோ நாலும் 2021இல் சேர்ந்து, மாற்றிப் போடக்கூடிய பொதுவான பேட்டரிக்காக ஒரு கூட்டமைப்பு தொடங்கின. அந்தப் பொது அளவு உண்மையிலேயே கடைகளுக்கு வர வேண்டும். பெட்ரோல் வண்டியை இருபது வருடம் கழித்தும் ஒரு நல்ல மெக்கானிக் உயிரோடு வைத்திருப்பார். மின்சார வண்டியில் பேட்டரி தளர்ந்து, அந்த மாடலுக்கான பேட்டரி இனி கிடையாது என்று கை விரித்துவிட்டால், மோட்டார், சேஸிஸ், சஸ்பென்ஷன் எல்லாம் நன்றாக இருந்தும் மொத்த வண்டியும் பழைய இரும்பு. எந்த நிறுவனம் இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் கொடுக்கிறதோ, அதன் வண்டியைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன்.