கூலியைக் கண்டு சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தை மண்டபத்தில் நடந்ததை இங்கே மறுபடி விவரிக்கப் போவதில்லை. வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கு இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். லண்டனில் பேர்டி (Purdey) என்ற நிறுவனம் கையால் செய்யும் வேட்டைத் துப்பாக்கியின் படமும் விலையும் திரையில் வந்ததும் மண்டபமே சிரித்தது. "இரண்டு இரும்புக் குழாய், ஒரு மரக்கட்டை, இதற்கு நான்கு கோடியா?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். நான் எழுந்து வாய் திறப்பதற்குள் "இருங்கள் தம்பி" என்று அமர்த்திவிட்டார்கள். அன்று பேச விடாததை இன்று எழுதுகிறேன்.

அது இரும்பின் விலை இல்லை. கூலி.

1814 இல் தொடங்கிய நிறுவனம் பேர்டி. புதிய துப்பாக்கி ஒன்றுக்குச் சொல்லிவைத்தால் ஒரு லட்சம் ஸ்டேர்லிங் பவுணுக்கு மேல் கொடுத்துவிட்டு இரண்டு ஆண்டுகள் அளவில் காத்திருக்க வேண்டும். குழாய் செய்பவர் ஒருவர், இயக்கப் பகுதியைப் பொருத்துபவர் இன்னொருவர், மரம் கடைபவர் வேறு, சித்திரம் செதுக்குபவர் வேறு. ஒவ்வொருவரும் ஐந்து ஆண்டுகள் வரை பழகுநராக இருந்து அந்த ஒரு வேலையை மட்டும் கற்றவர்கள். வாங்குபவரின் தோளையும் கையையும் கண்ணையும் அளந்துதான் மரத்தையே வெட்டுகிறார்கள்.

இரும்பும் இரும்பும் சேரும் இடத்தை அவர்கள் எப்படிப் பொருத்துகிறார்கள் தெரியுமா? விளக்கின் கரும்புகையை ஒரு பகுதியில் படியவிட்டு, மற்றப் பகுதியோடு சேர்த்து அழுத்துவார்கள். எங்கே முட்டுகிறதோ அங்கே கரி ஒட்டும். அந்தப் புள்ளியை மட்டும் அரத்தால் ஒரு இழை எடுப்பார்கள். மறுபடி புகை, மறுபடி அழுத்தம், மறுபடி அரம். இப்படியே நாட்கணக்கில். கடைசியில் கரி முழுப்பரப்பிலும் சீராகப் படியும். மூடியபின் இடையில் ஒளி நுழைய வழியில்லை. குழாயின் சுவர் சில இடங்களில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அதற்குள் வெடிமருந்து வெடிக்க வேண்டும், குழாய்க்கு எதுவும் ஆகக் கூடாது. அரம் ஓர் இழை கூடப் போனால் மாதக்கணக்கான வேலை குப்பைக்கு. மரப்பிடிக்கு வால்நட் மரத்தை ஆண்டுக்கணக்கில் உலரவைத்து, எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிறார்கள். இத்தனை கைகளுக்கும் யார் சோறு போடுவது?

"இயந்திரம் இதைச் செய்யாதா?" என்று கேட்பீர்கள். செய்கிறது. அங்கேயும் இன்று கணினி இயந்திரங்கள் தோராயமாக வெட்டிக் கொடுக்கின்றன. ஆனால் கடைசிப் பொருத்தத்தைக் கைதான் செய்கிறது. குழாய்கள் பக்கம் பக்கமாக இருக்கும் இரட்டைக் குழாய்த் துப்பாக்கியில் அவர்கள் இன்றும் கையாளுவது பீஸ்லி என்பவர் 1880 இல் காப்புரிமை பெற்ற இயக்க அமைப்பு. அதை மலிவாக்கத் தெரியாமலா விட்டுவைத்திருக்கிறார்கள்?

"பணக்காரர்களின் விளையாட்டுச் சாமான்" என்பீர்கள். இருக்கட்டும். பணக்காரன் வாங்குகிறான் என்பதற்காகச் செய்தவனின் உழைப்பு பொய்யாகிவிடாது.

"போரில் இவ்வளவு இழந்த நாம் துப்பாக்கியின் அழகைப் பேசலாமா?" இந்தக் கேள்வி என்னைத் தைக்கிறது. எங்கள் வீட்டுச் சுவரிலும் மாலை போட்ட படம் இருக்கிறது. வேட்டைத் துப்பாக்கிதானே என்று சொல்லித் தப்பிக்கவும் மாட்டேன். எனக்கு அதை வாங்கவோ தொடவோ ஆசையில்லை. ஆனால் அன்று மண்டபத்தில் யாரும் போரை நினைக்கவில்லை. விலையைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

அதே ஆட்கள்தான் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் கண்டி அரசின் அதிகாரி லெவ்கே திசாவையின் பீரங்கி முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். 1765 இல் கண்டி அரண்மனையிலிருந்து ஒல்லாந்தர் கொண்டுபோய், 2023 இன் கடைசியில் திரும்பி வந்த பீரங்கி. தங்கமும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்தது. அதுவும் ஆயுதம்தான். செதுக்கிய கைகள் போய்ச் சேர்ந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன, கூலி கேட்க ஆளில்லை, ஆகவே அதை வியக்கிறோம். உயிரோடு இருப்பவன் கூலி கேட்டால் மட்டும் சிரிப்பு வருகிறது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்காதீர்கள். என் அப்பா செட்டியார் தெருவில் மாடிப்படிக்குக் கீழே பட்டறை வைத்திருந்த பத்தர். ஒரு கல்யாணத்துக்காகப் பத்தொன்பது நாள் இருந்து கல் வைத்த அட்டியல் ஒன்று செய்தார். வாங்க வந்தவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே தராசில் போட்டார். "பவுணுக்குக் காசு தருகிறேன் ஐயா, கூலிக்கு ஏன் இவ்வளவு? இப்போது வார்ப்பில் அச்சு அச்சாக வருகிறதே" என்றார். ஞாயிற்றுக்கிழமை கேட்ட அதே குரல். ஆள் வேறு, குரல் அதேதான்.

அப்பா வாதாடவில்லை. கூலியில் பாதியைக் குறைத்தார். வாங்க வந்தவர் போன பிறகு அரங்களைத் துணியில் துடைத்து வரிசையாக வைத்தார், மத்தியானம் சாப்பிடவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. அந்தப் பட்டறையில் அவருக்குப் பிறகு யாரும் உட்காரவில்லை. நான் வங்கி வேலைக்குப் போனேன். போகச் சொன்னவர் அவர்தான்.