மிச்ச ஊர் எங்க தம்பி?

பொறுத்துப் பொறுத்துப் பாத்து ஏலாமத்தான் எழுதுறன். நான் வேலை செய்யிற சங்கத்தில அங்கத்தவர் பதிவு முழுக்க டிபேஸ் த்ரீ எண்ட பதிவு வைக்கிற புரோகிராமிலதான் கிடக்கு, 1984ல வந்த சாமான், என்னை விட வயசு கூட. புதுக் கொம்பியூட்டர் ரெண்டு மூலையில தூசி பிடிச்சுக் கிடக்கு, ஏனெண்டா 64 பிட் விண்டோஸில அந்தப் பழைய டொஸ் புரோகிராம் ஓடாது, அதால எக்ஸ்பி போட்ட கிழட்டு மிசினைத்தான் ஒவ்வொரு நாளும் கும்பிட்டு ஸ்டார்ட் பண்ணுறன்.

இவ்வளவு நாளும் பாமினி எண்ட பழைய தமிழ் பொண்டிலதான் அடிச்சம். ஸ்கிரீன்ல இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா வாந்தியெடுத்த மாதிரிக் கிடக்கும், பிரிண்ட் எடுக்கேக்க பொண்ட் மாத்தினாத் தமிழ். இப்ப எல்லாம் யூனிகோட்ல வேணுமாம், அதுதான் எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி நம்பர் குடுக்கிற முறை. சரியெண்டு மாத்தினன். பைட் எண்டா கொம்பியூட்டர் எழுத்தைச் சேமிக்கிற இடத்தின்ர அளவு; புதுக்குடியிருப்பு பாமினியில 12 பைட், யூனிகோட்டைச் சேமிக்கிற யூடிஎப்-8 முறையில 54, நாலரை மடங்கு! ஊர் பேருக்கு விட்ட இடம் 40. அங்கத்தவர் அட்டையில வந்தது "புதுக்குடியிர", அதுக்குப் பின்னால கறுப்புக் கட்டத்துக்குள்ள ஒரு கேள்விக்குறி.

ஒரு அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, "தம்பி, மிச்ச ஊர் எங்க?" எண்டா. இடம்பெயர்ந்து ஓடேக்க ஐசி, காணி உறுதி எல்லாம் துலைச்ச சனம், பேப்பரில ஒரு எழுத்துப் பிழைச்சாலே நெஞ்சு இடிக்கும், அவையிட்டப் போய் நான் பைட் கணக்குச் சொல்லுறதோ?

அந்த இடத்தின்ர அகலத்தைக் கூட்டன் எண்டுவியள். கூட்டிப் பாத்தனான். டிபேஸ் த்ரீயில ஒரு ஆளின்ர பதிவு மொத்தமா 4000 பைட்டைத் தாண்டக்கூடாதாம். பேர், தகப்பன் பேர், விலாசம், பின்னுரித்தாளி எண்டு தமிழ் அடிக்கிற இடம் மட்டும் 900, நாலரை மடங்காக்கினா 4050. வெறும் 50ஆல போச்சு! இதில இன்னும் விசர் என்னெண்டா, மல்லாவிக்கு 21 போதும், மிச்சம் 19ம் சும்மா காயுது, அதை எடுத்து முள்ளிவாய்க்காலுக்குக் குடுக்க ஏலாது, எல்லாருக்கும் ஒரே அளவுச் சட்டைதான். அந்தக் காலத்தில டிஸ்க் விலை, இடத்தை மிச்சம் பிடிச்சவங்கள், விளங்குது. ஆனா அவங்கள் மிச்சம் பிடிச்சதுக்கு 40 வருசம் கழிச்சு இஞ்ச நானெல்லோ பேச்சு வாங்குறன்.

ஒட்டுசுட்டான் மட்டும் 39 பைட்டில மயிரிழையில தப்பிச்சுது. நேற்று ஒரு ஐயா வந்து, அந்த ஊர் பேருக்குப் பக்கத்தில "கிழக்கு" எண்டும் போடச் சொல்லுறார். ஒரு தமிழ் எழுத்துக்கு ஆகக் குறைஞ்சது 3 பைட் வேணும் ஐயா, என்னட்ட 1தான் கிடக்கு.