மெயின் வால்வை மூடினால் மட்டும் போதாது

டெக்சாஸில் 2021 பிப்ரவரியில் நடந்ததுபோல உறைபனியில் கரண்ட் போய் வீட்டு ஹீட்டிங் நின்றால், மெயின் வால்வை (வீட்டுக்குள் வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு) மூடினாலே பைப் வெடிக்காது என்று ஒரு கருத்து இருக்கிறது. பாதிதான் சரிங்க. வால்வை மூடினால், வெடித்த பிறகு வீடு வெள்ளமாகாது. ஆனால் பைப்பில் ஏற்கெனவே நிற்கும் தண்ணீர் அங்கேயேதான் இருக்கும். உறையும்போது அது சுமார் 9 சதவீதம் விரியும். பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் (டேப்) நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீரில் அழுத்தம் ஏறித்தான் பைப் பிளக்கிறது.

அதனால் மூடியதும் வடிக்கவும் வேண்டும். முதலில் மின் வாட்டர் ஹீட்டரின் பிரேக்கரை அணையுங்கள். தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கும்போது கரண்ட் வந்தால் உள்ளே சூடேற்றும் எலிமென்ட் கருகிவிடும். பிறகு வீட்டிலேயே உயரத்தில் உள்ள குழாயையும் தாழ்வானதையும், சுடுநீர், குளிர்நீர் இரண்டிலும், திறந்து விடுங்கள். மேலே காற்று புகுந்தால்தான் கீழே முழுசாக வடியும். டாய்லெட்டையும் ஒருமுறை ஃப்ளஷ் செய்யுங்கள்.

நம்பிக்கை இல்லையென்றால் இன்றைக்கே வால்வை மூடிவிட்டுத் தாழ்வான குழாயைத் திறந்து, அடியில் வாளி வையுங்கள். வாளியில் சேர்வதெல்லாம் பைப்பில் நின்ற தண்ணீர்தான்.

அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் எது தங்கள் வீட்டு வால்வு என்று நிர்வாகத்திடம் முன்பே கேட்டு வையுங்கள். தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் வால்வைத் தவறியும் தொடாதீர்கள்.