மாலை போட்டால் முடிகிறது, கழற்றினால் ஏன் முடியவில்லை?

கார்த்திகை பிறந்தால் எங்கள் ஊரில் பாதிப் பேர் சாமி ஆகிவிடுவார்கள். நேற்று ராத்திரி வரை டாஸ்மாக் பாரில் உட்கார்ந்திருந்தவர், இன்று விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்து, கறுப்பு வேட்டி கட்டி, செருப்பில்லாமல் நடந்து போவார். ஒரு மண்டலம், 48 நாள், ஒரு சொட்டு தொடமாட்டார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியதும் பழைய இடத்திலேயே அவரைப் பார்க்கலாம். சில வேன்களில் திரும்பி வரும் வழியிலேயே வேலை ஆரம்பித்துவிடும் என்பது ஊரறிந்த கதை.

இதற்கு வீட்டிலும் தெருவிலும் ஒரே தீர்ப்புதான்: "48 நாள் இருக்கத் தெரிஞ்சவனுக்கு மிச்ச நாள் இருக்க முடியாதா? எல்லாம் திமிரு." மருந்துக் கடை வைத்திருப்பதால் இதை நான் அடிக்கடி கேட்பேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த 48 நாளும் உண்மை, அதற்கடுத்த நாள் நடப்பதும் உண்மை. போதையைப் பற்றி நரம்பியல் இத்தனை வருடமாகக் கண்டுபிடித்ததில் முக்கால்வாசியை இந்த ஒரு விரதத்தை வைத்தே விளக்கிவிடலாம் என்பது என் கட்சி.

மூளை செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் ரசாயனங்களில் ஒன்றான டோபமைனில் இருந்து தொடங்குகிறேன். ரீல்ஸ் போடுகிறவர்கள் புண்ணியத்தில் அது இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. "சந்தோஷ ஹார்மோன்" என்று அடித்து விடுகிறார்கள். ஸ்விட்சர்லாந்தில் நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகளைப் படித்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. குரங்கின் வாயில் எதிர்பாராமல் பழச்சாறு விழுந்தபோது டோபமைன் செல்கள் துடித்தன. சாறு வருவதற்கு முன்னால் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிக்கொண்ட பிறகு, துடிப்பு விளக்கு எரியும் நேரத்துக்கு நகர்ந்துவிட்டது. சாறு விழும்போது சலனமே இல்லை. விளக்கு எரிந்து சாறு வராமல் போனால், அந்த நேரத்தில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது.

குடிப்பவருக்கு அந்த விளக்கு எது? சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும் வாரக்கூலி. கடை இருக்கும் திருப்பம். பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், சுண்டல். ஹாரனை இரண்டு தடவை அடித்துக் கூப்பிடும் அந்த ஒரு நண்பனின் பைக். குவார்ட்டரைத் திறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே மூளையில் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டெர்ரி ராபின்சனும் கென்ட் பெர்ரிட்ஜும் 1993இல் இன்னொரு படி மேலே போனார்கள். ஒரு பொருளை ரசிப்பதும் அதற்காக ஏங்குவதும் மூளையில் தனித்தனி ஏற்பாடுகள் என்றார்கள். டோபமைனை ஏறக்குறைய முழுவதும் அழித்துவிட்ட எலிகூட, நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால் ருசித்துச் சப்புக்கொட்டுகிறது. எழுந்துபோய்த் தேடுவது மட்டும் நின்றுவிடுகிறது. போதைப் பழக்கத்தில் ஏக்கம் ஏறிக்கொண்டே போகிறது, ரசனை அதே அளவில் நிற்கிறது, சில நேரம் குறைந்தும் போகிறது. "எனக்கே பிடிக்கலை, ஆனா கால் தானா அங்க போகுது" என்று ஒருவர் சொல்லும்போது நாம் சிரிக்கிறோம். அவர் பொய் சொல்லவில்லை.

இப்போது மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லா விளக்குகளையும் அது அணைத்துவிடுகிறது. உடை வேறு, சாப்பாடு வேறு, படுப்பது தரையில், சாயங்காலம் பஜனை. பழைய கூட்டாளி கூப்பிடமாட்டான். கூப்பிட்டால் அவனுக்கே பாவம். எங்கள் தெருவில் வயரிங் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். மாலை போட்டிருக்கும்போது அவர் மகளே "சாமி, சாப்பிட வாங்க" என்பாள். தை மாதம் ராத்திரி எட்டரை மணிக்கு அதே பெண் என் கடை வாசலில் நின்று, "அப்பா இந்தப் பக்கம் வந்தாரா?" என்று கேட்பாள். குரல் மட்டும் ரொம்பச் சின்னதாக இருக்கும்.

இடம் மாறினால் ஆள் மாறுவான் என்பதற்கு உலகப் பிரசித்தமான சாட்சி வியட்நாம். அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். 1971இல் ஊர் திரும்பியவர்களைத் தேடிப்பிடித்துப் பேசினார் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர். அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம், மூன்று வருடத்தில் 12 சதவீதம். யாரும் நம்பவில்லை. "பார்த்தீர்களா, மனசு வைத்தால் முடியும்" என்று இதைக் காட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தச் சிப்பாய் விமானம் ஏறி, விளக்குகளே இல்லாத ஊருக்குப் போய்விட்டான் என்பதை வசதியாக விட்டுவிடுகிறார்கள். நம்ம ஆளுக்கு அந்த விளக்கு தெருமுனையிலேயே இருக்கிறது. 2003இலிருந்து அதை நடத்துவதே அரசாங்கம். விரதம் முடிந்தவர் வீட்டுக்குத் திரும்புகிறார் என்றால் வியட்நாமுக்கே திரும்புகிறார் என்று அர்த்தம்.

சரி, 48 நாளில் ஆசை கொஞ்சமாவது தேய்ந்திருக்காதா? என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இதற்கான பதில்தான். 2001இல் ஜெஃப் கிரிம், யாவின் ஷாஹாம் முதலியோர் நேச்சர் இதழில் எழுதிய ஆய்வு. கொகெய்னுக்குப் பழகிய எலிகளிடமிருந்து அதை நிறுத்திவிட்டு, வெவ்வேறு நாட்களில் பழைய அடையாளங்களைத் திரும்பக் காட்டினார்கள். முன்பு மருந்து தந்த லீவரை, மறுநாளைவிட ஒரு மாதம் கழித்து எலிகள் வெறியோடு அழுத்தின. இரண்டு மாதம் ஆனபோது இன்னும் அதிகம். ஏக்கம் அடைகாத்து வளர்கிறது என்றார்கள். பிறகு சிகரெட்டை விட்டவர்களிடமும் மதுவை விட்டவர்களிடமும் இதே போக்கு தெரிந்தது. சும்மா இருக்கும்போது ஆசை அடங்கியதுபோலத்தான் இருக்கும், அவருக்கே தெரியாது. பழைய அடையாளம் கண்ணில் படும்போதுதான் கிளம்பும். ஆக, ஒரு மண்டலம் முடிந்து மாலையைக் கழற்றும் நாள் என்பது ஆபத்து குறைந்த நாளாக இல்லாமல், கூடிய நாளாகவே இருக்க வாய்ப்பு அதிகம். நாமோ அன்றைக்குத்தான் "இனிமே ஒண்ணும் பயமில்லை" என்று அவர் கையில் காசைக் கொடுத்துக் கடைத்தெருவுக்கு அனுப்புகிறோம்.

இதே ஷாஹாமின் ஆய்வகத்தில் மார்க்கோ வெனிரோ 2018இல் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. போதைக்குப் பழகிய எலிக்கு இரண்டு வழிகள். ஒரு லீவரை அழுத்தினால் மருந்து, இன்னொன்றை அழுத்தினால் கதவு திறந்து இன்னோர் எலியோடு கொஞ்ச நேரம் இருக்கலாம். ஏறக்குறைய எல்லா எலிகளும் துணையைத்தான் தேர்ந்தெடுத்தன. தானாக விரும்பித் துணையைத் தேர்ந்தெடுத்துக் கழித்த எலிகளிடம் அந்த அடைகாக்கும் ஏக்கமும் வளரவில்லை. கூடவே இன்னொன்றையும் பார்த்தார்கள். துணை வரத் தாமதமானாலோ, துணையைத் தேடிப் போகும்போது ஷாக் அடித்தாலோ, எலி மருந்துக்குத் திரும்பிவிட்டது. எலிகளை வைத்து மனிதனை எடை போடக்கூடாதுதான். ஆனாலும் வீட்டுக்கு வந்தாலே வசவு, சொந்தக்காரர் விசேஷத்தில் ஓரமாக ஒரு நாற்காலி என்று நாம் வைக்கும் ஷாக்குகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. விரத காலத்தில் அவருக்கு ஒரு குருசாமி, இருபது முப்பது கன்னிசாமிகள், தினமும் உட்கார ஓர் இடம். தை மாதத்தில் ஒருவரும் இல்லை.

விரதத்தைப் புகழ்வதோடு நிறுத்தினால் ஆபத்தான பதிவாகிவிடும். பல வருடமாகத் தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. மது மூளையின் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கும் சரக்கு. மூளை ஈடுகட்ட ஆக்சிலரேட்டரைத் திருகி வைத்திருக்கும். சட்டென்று மது நின்றால் திருகிய ஆக்சிலரேட்டர் மட்டும் மிச்சம். முதலில் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத பூச்சி ஊர்வதும், இல்லாத ஆள் பேசுவதும் தெரியும். கவனிக்காவிட்டால் உயிர் போகும். "சாமி வந்திருக்கு" என்று விபூதி பூசி உட்கார வைத்தால் முடிந்தது கதை. 2020 ஊரடங்கில் கடைகளை ஒரே நாளில் மூடியபோது, இப்படிச் சிக்கலோடு வந்தவர்கள் பெங்களூரு மருத்துவமனைகளில் அதிகமானதை மருத்துவர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். டாக்டர் மேற்பார்வையில், மாத்திரையோடும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியோடும் ஒரு வாரம் கடந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். அப்புறம் மாலை போடட்டும், யார் வேண்டாம் என்றது?

என் கடையில் நடக்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூட்டம் கலையும்வரை ஓரமாக நிற்பார்கள். பெரும்பாலும் மனைவி, சில நேரம் அம்மா. "அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலந்து குடுக்குற மாத்திரை இருக்காமே?" இருக்கிறது, டைசல்ஃபிரம். உடல் மதுவைச் சிதைக்கும் வழியில் ஒரு படியை அது அடைத்துவிடும். மேலே குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும். இதயம் பலவீனமானவருக்கு அதுவே எமன். தெரிந்தே, சம்மதித்து, டாக்டர் சொல்லிச் சாப்பிட வேண்டிய மருந்து அது. ஏக்கத்தை அது தொடுவதும் இல்லை. அதற்கு நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. கேட்டு வருபவர்கள்தான் மிகக் குறைவு. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது.

மனநலத்தை இதிலிருந்து பிரித்து வைத்திருப்பதுதான் எனக்குப் பெரிய கோபம். மனசு சரியில்லாமல் குடிக்கிறாரா, குடித்துக் குடித்து மனசு கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். இரண்டுமே நடக்கும். ஆரம்பத்தில் சுகத்துக்காகக் குடித்தவர், பின்னால் குடிக்காதபோது வரும் எரிச்சலையும் பயத்தையும் வெறுமையையும் தணிக்கவே குடிக்கிறார் என்பதை நரம்பியல் ஆய்வாளர் ஜார்ஜ் கூப் பல வருட ஆய்வில் காட்டினார். மூளையின் பதற்ற ஏற்பாடே தூக்கலாகிவிடுகிறது. அமெரிக்காவின் சான் டியகோவில் பிரவுன், ஷுக்கிட் என்ற ஆய்வாளர்கள் 1988இல் கவனித்ததில், குடிக்குச் சிகிச்சை பெற வந்தவர்களில் முதல் வாரத்தில் பத்தில் நான்கு பேருக்குக் கடும் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. குடிக்காமல் நான்கு வாரம் ஆனபோது அது நூற்றில் ஆறாகக் குறைந்தது. அந்த ஆறு பேரை யாராவது நான்காவது வாரம் கூப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? எனக்குத் தெரிந்த ஒருவரை ஒரு மறுவாழ்வு மையத்தில் "மன வியாதின்னா வேற டாக்டர்" என்றார்கள். மனநல டாக்டரிடம் போனால் "முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க". 2017ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் தெளிவாகவே சேர்த்திருக்கிறது. சட்டப் புத்தகத்துக்கு இருக்கும் தெளிவு சிகிச்சை அறைக்கு வரவில்லை.

"மூளை நோய்" என்று முத்திரை குத்திவிட்டால் போதும் என்பவர்களோடும் எனக்குத் தகராறு உண்டு. அப்படிச் சொன்னால் கடையின் எண்ணிக்கை, வேலை, வீடு எல்லாம் பேச்சிலிருந்து நழுவிவிடுகிறது. 48 நாள் குடிக்காமல் இருந்த மூளையும் அதே மூளைதானே.

குருசாமிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மாலை போட வருபவர் தினமும் குடிப்பவர் என்று தெரிந்தால், ஒரு வாரம் முன்னாலேயே அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். மாலையைக் கழற்றிய பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள் அந்தக் கூட்டத்தை நடத்துங்கள், பஜனை இல்லாவிட்டால் கேரம்போர்டாவது இருக்கட்டும். வீட்டில் இருப்பவர்கள் அந்த முதல் மாதத்துச் சம்பளம் யார் கையில் வருகிறது, சனிக்கிழமை சாயங்காலம் அவர் யாரோடு இருக்கிறார் என்பதை அவரோடேயே உட்கார்ந்து முன்கூட்டிப் பேசி வையுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் போன் பண்ணலாம். காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.