பழைய கைத்துப்பாக்கியில் அரம் வைக்கும் முன்

கோல்ட் நிறுவனத்தின் பழைய 1911 கைத்துப்பாக்கியை மாற்றியமைப்பது பாவம் என்று சேகரிப்பாளர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட அந்தத் துப்பாக்கியை இராணுவமே அப்படியே விட்டுவைக்கவில்லை. தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல் பின்னோக்கி வரும்போது, சுடுபவரின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதையைக் கடித்தது. அதனால் 1920களில் பிடியின் மேல்நுனியை நீட்டினார்கள்; விரலுக்கு எட்டும்படி, சுட இழுக்கும் விசையையும் குட்டையாக்கினார்கள். 1911ஏ1 என்ற திருத்திய வடிவம் பிறந்தது அப்படித்தான். கைக்கு ஏற்றபடி திருத்துவது இதன் பரம்பரையிலேயே இருக்கிறது.

என்னிடம் இருப்பது 1970களில் கடைக்கு வந்த 'சீரிஸ் 70' என்ற 1911 வகை. எனக்கு மிகப் பிடித்த துப்பாக்கி. அரிசோனாவில் நான் நம்பும் துப்பாக்கிக் கம்மியர் ஒருவரிடம்தான் கொடுத்தேன். குழலின் முனையை விரல்கள்போல் பற்றும் அந்தக் காலத்து வளையம் சில நேரங்களில் உடையும் என்பது தெரிந்த விஷயம். அதை எடுத்துவிட்டுக் கெட்டியான வளையம் போட்டார். சதையைக் கடிக்காத அகன்ற பிடிப்பூட்டை, அதாவது பிடியை அழுத்திப் பிடித்தால் மட்டுமே சுட விடும் பாதுகாப்புப் பூட்டைப் பொருத்தியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நீல மை பூசுவார், பாகத்தைப் பொருத்தி எடுப்பார், மை அழிந்த இடத்தில் மட்டும் அரத்தால் ஓர் இழுப்பு. மறுபடியும் மை. ஒரு மதியம் முழுக்க இதுவே நடந்தது. அந்தப் பொறுமைக்குத்தான் நான் காசு கொடுக்கிறேன். விலையுயர்ந்த பாகங்களை யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

அதே பட்டறையில் இன்னொரு வாடிக்கையாளர், விசை இறகுபோல் இலேசாக இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். கம்மியர் முடியாது என்றுவிட்டார். சுத்தியலைத் தாங்கும் விளிம்பை அளவுக்கு மீறித் தேய்த்தால், ஸ்லைடு, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம், மூடும் அதிர்விலேயே சுத்தியல் விழுந்து துப்பாக்கி தானாகச் சுட்டுவிடக்கூடும். வருகிற வருமானத்தை விட்டு இப்படி மறுக்கத் தெரிந்தவரிடம் மட்டுமே துப்பாக்கியைக் கொடுங்கள். சரி சரி என்று தலையாட்டுகிறவர் வேண்டாம்.

ஆனால் இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் துப்பாக்கிகளில் நான் கறாராக இருப்பேன். தட்டச்சுப்பொறி செய்த ரெமிங்டன் ராண்ட் நிறுவனம் இராணுவத்துக்கு இதே 1911ஏ1-ஐ இலட்சக்கணக்கில் செய்து கொடுத்தது. நம் வீட்டுத் தையல் இயந்திரங்களில் பெயர் பார்த்த சிங்கர் நிறுவனம் செய்தவை வெறும் 500. அப்படி ஒன்றில் புதிய குறிமுள்ளுக்காக ஸ்லைடை வெட்டுவதையும், பளபளப்புக்காக மெருகேற்றிப் பொறித்த எழுத்துகளின் கூர்மையை மழுங்கடிப்பதையும் என்னால் பொறுக்க முடியாது. வெட்டிய இரும்பு திரும்ப வளராது. சுடுவதற்கு வேறு துப்பாக்கி கடையிலேயே கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்றத் தகுந்ததை மாற்றும்போதும் கழற்றிய பாகங்கள் அனைத்தையும் கம்மியரிடம் கேட்டு வாங்குங்கள். உறையிலிட்டு, எண்ணெய் தடவி, துப்பாக்கியோடு சேர்த்தே வையுங்கள். என்ன வேலை நடந்தது என்று அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அடுத்து அதைத் திறக்கப்போகும் கம்மியருக்கு அந்தத் தாள் தேவைப்படும்.